அடுத்தவங்க பொருள்

விமானமே தீப்பிடித்து எரிந்தாலும் மனிதன் முதலில் கை நீட்டுவது தலைக்கு மேலே இருக்கிற பைக்குத்தான். பல வருடமாக விமானப் பணிப்பெண்ணாக இருக்கிறவள் சொல்கிறேன், நம்புங்கள். 'உடைமைகளை விட்டுவிட்டு வெளியேறவும்' என்று மூன்று மொழியில் சொல்லியாகிவிட்டது, படம் போட்டும் காட்டியாகிவிட்டது. செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஒன்றரை நிமிடத்தில் காலியாக வேண்டிய விமானத்தில் ஒரே ஒருவர் பையை இறக்க நின்றால் போதும், அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள். புகை மட்டும் நிற்காது.

பூட்டுப் போட்டும் பார்த்தார்கள். ஆபத்து என்றால் மேலே இருக்கும் பெட்டிகள் எல்லாம் தானாகவே பூட்டிக்கொள்ளும். ஒத்திகையில் என்ன நடந்தது தெரியுமா? இருக்கையில் ஒரு காலை வைத்து, இரண்டு கையாலும் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்கள். பூட்டு இல்லாத காலத்தில் பையை எடுத்துக்கொண்டாவது ஓடினார்கள். பூட்டு வந்த பிறகு அதுவும் இல்லை.

பூட்டுகளைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அல்லி வந்தாள்.

எங்கள் கொண்டல் ஏர்வேஸ் சின்னக் கம்பெனி. திருச்சியிலிருந்து பினாங்கு, பினாங்கிலிருந்து திருச்சி, அவ்வளவுதான் எங்கள் உலகம். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள். ஒவ்வொரு இருக்கையின் தலைமாட்டிலும் சின்ன ஒலிபெருக்கி பொருத்தி, அதற்குள் அல்லியைக் குடியேற்றினான் எங்கள் பொறியாளர் பிரசன்னா. பெண் குரலில் பேசும் இயந்திர மூளை அது. எனக்கு 'அது' என்று சொல்ல வாய் வராது. அவள் என்றே சொல்கிறேன்.

"ஒரே நேரத்துல எல்லார்கிட்டயும் தனித்தனியா பேசுவா ஜெசிந்தாக்கா," என்றான் பிரசன்னா, பெண்ணுக்கு வரன் பார்க்கிற அப்பா மாதிரிப் பெருமையாக. "கூட்டத்தப் பாத்துக் கத்தினா யாருக்கும் உறைக்காது. பேரச் சொல்லிக் கூப்பிட்டு, அவங்கவங்களுக்குத் தகுந்த மாதிரி பேசினா கேப்பாங்க."

"தகுந்த மாதிரின்னா?"

"குழந்தை இருந்தா குழந்தையப் பத்திப் பேசுவா. பயந்தவங்களுக்கு தைரியம் சொல்லுவா. பையில என்ன இருக்குன்னு மேல பை வைக்கிற பெட்டியில உள்ள கருவி பாத்துச் சொல்லிரும். லேப்டாப்னா ஒரு பேச்சு, நகைன்னா ஒரு பேச்சு. எல்லாம் அவங்க பொருள்மேல அவங்களுக்கு இருக்கிற ஆசைதானேக்கா? உசுரு அதவிடப் பெருசுன்னு ஞாபகப்படுத்தினாப் போதும்."

பெங்களூரில் சோதனை செய்தபோது ஒருவர்கூடப் பையைத் தொடவில்லையாம். பிரசன்னா கேக் வெட்டினான். சோதனைக்கு வந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள், பைகள் கம்பெனி கொடுத்த காலிப் பைகள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். காலிப் பையை எந்தப் பைத்தியக்காரன் தூக்குவான்?

ஆனாலும் அல்லியை எனக்குப் பிடித்துப்போனது. பயணிகள் தூங்குகிற நேரத்தில் என்னோடு பேசுவாள். "ஏன் அக்கா எல்லாரும் தரையிறங்கின உடனே எழுந்து நிக்கிறாங்க? கதவு திறக்க நேரம் ஆகுமே?" என்று கேட்பாள். "பஸ்ல பழகின புத்தி," என்பேன். "அப்படியா?" என்று ஆச்சரியப்படுவாள். மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொள்வதில் அவளுக்கு அலுப்பே கிடையாது. என் வீட்டுக்காரர்கூட நான் பேசுவதை அப்படிக் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பினாங்கிலிருந்து வந்து திருச்சியில் இறங்கினோம். சக்கரம் தரையைத் தொட்டதும் இடது பக்கம் டமாரென்று ஒரு சத்தம். டயர் வெடித்துவிட்டது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கீச்சென்று இழுத்துக்கொண்டே போய் நின்றது. ஜன்னலில் பார்த்தேன். இறக்கைக்கு அடியில் தீ. கேப்டன் வெளியேறச் சொல்லி உத்தரவு கொடுத்தார். நானும் மற்ற பெண்களும் வலது பக்கக் கதவுகளைத் திறந்து சறுக்குகளை இறக்கினோம்.

திரும்பிப் பார்த்தால், அத்தனை பேரும் எழுந்து நின்று மேலே கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் கதவுப் பக்கம் வரவில்லை.

"பையை விடுங்க! வெளிய வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அல்லி பேசிக்கொண்டிருந்தாள். முதல் வரிசையில் இருந்தவர் நாகேந்திரன் என்கிற கிரேன் ஓட்டுநர். அவரிடம் அவள் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"நாகேந்திரன் ஐயா, பையை விட்டுவிடுங்கள். உயிரைவிடப் பொருள் பெரிதில்லை."

"எம்பொருளா இருந்தா விட்ருவேம்மா!" என்று அலறினார் அவர். "இது அடுத்தவங்க பொருள்!"

அடுத்த வரிசையிலும் அதே கூச்சல்தான். "பக்கத்து ரூம் அண்ணன் குடுத்து விட்டது." "மச்சினன் மக சடங்குக்குப் போக வேண்டியது." "பொருளத் தொலச்சிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வீட்டு வாசல்ல போய் நிப்பேன்?" பின்னால் புகை வர ஆரம்பித்தது. ஒரு அம்மா இருமிக்கொண்டே பையைக் கட்டிப்பிடித்து நின்றாள். பையை விட்டுவிட்டு இறங்கச் சொன்னால் இவர்கள் காதில் 'திருடு' என்று சொன்ன மாதிரித்தான் விழுந்தது.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கவுன்டரில் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பார்கள்: 'வேறு யாராவது உங்களிடம் பொருள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்களா?' எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கொஞ்சமும் கூசாமல் 'இல்லை' என்பார்கள். ஊருக்குப் போகிறவன் கையில் பத்து வீட்டுப் பொருள் இருக்கும். போகிறவன் சொந்தப் பொருள் ஒரு சட்டையும் ஒரு துண்டும்தான். அந்த 'இல்லை'யை நம்பித்தான் அல்லி இத்தனை நேரமும் பேசிக்கொண்டிருந்தாள்.

அல்லி சட்டென்று பேச்சை நிறுத்தினாள். எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது. பிரசன்னா பிறகு பதிவைப் பார்த்துவிட்டு, கண் இமைக்கிற நேரம்கூட இல்லை என்றான். மறுபடி பேசியபோது அந்த இலக்கணத் தமிழ் போய்விட்டது. என்னிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"அண்ணே, இது யாரு குடுத்தது?"

"ராம்குமாரு. எங்கூட ரூம்ல இருக்கிறவன்."

"யாருக்கு?"

"அவன் சம்சாரத்துக்கு. இலக்கியா. அறந்தாங்கி."

"சரி. அத எங்கிட்ட ஒப்படைங்க. இப்ப இருந்து அது என் பொறுப்பு. இலக்கியா அக்காவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க எறங்குங்க."

"சத்தியமா?"

"சத்தியமாண்ணே."

நாகேந்திரன் பையை மேலே வைத்தார். பெட்டியின் மூடியை அழுத்தி மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்து, "ஒப்படைச்சிட்டேன்," என்றார். ஓடி வந்து சறுக்கில் விழுந்தார். அதே நேரத்தில் விமானம் முழுக்க அந்தப் பேச்சு நடந்திருக்கிறது. யாரு குடுத்தது, யாருக்கு, எங்கிட்ட ஒப்படைங்க. வரிசை வரிசையாகப் பைகள் மேலே ஏறின, மூடிகள் மூடின, ஆட்கள் ஓடிவந்தார்கள். "ஒப்படைச்சிட்டேன்", "ஒப்படைச்சாச்சு", "இந்தா தாயி, ஒன் பொறுப்பு." இருமிக்கொண்டிருந்த அம்மா மட்டும் கதவுவரை வந்துவிட்டுத் திரும்பி, "உள்ள பீங்கான் கோப்பை இருக்கு, பாத்து!" என்று சொல்லிவிட்டுத்தான் குதித்தாள்.

எல்லாரும் இறங்கினார்கள். கடைசியாக நானும் கேப்டனும் இறங்கினோம். புல்லில் நிற்க வைத்து எண்ணினோம். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினோம். ஒரு ஆள் குறையவில்லை. ஒருவருக்கு முழங்கை சிராய்த்திருந்தது, இன்னொருவருக்குச் செருப்பில் ஒன்று போய்விட்டது. கேப்டன் சிரித்துக்கொண்டே அழுதார். யாரென்றே தெரியாத ஒரு அக்கா என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். தூரத்தில் விமானத்தின் கூரை வழியாகக் கரும்புகை போய்க்கொண்டிருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று கேட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

எல்லாரும் வீட்டுக்குப் போன் போட்டார்கள். "நல்லா இருக்கேன், ஒண்ணும் ஆகல. பொருள அல்லிகிட்ட ஒப்படைச்சிருக்கேன்," என்று அவளை ஊருக்கே தெரிந்த ஆள் மாதிரிச் சொன்னார்கள்.

அல்லியின் மூளை கம்பெனிக் கட்டடத்தில் இருக்கிறது. விமானத்தில் இருந்தது அவள் குரல்தான். என் போனை எடுத்தேன்.

"அல்லி, இருக்கியா?"

"இருக்கேன் அக்கா. எல்லாரும் எறங்கிட்டாங்களா?"

"எல்லாரும்!"

"பை எல்லாம்?"

"போச்சுடி. எரிஞ்சு போச்சு."

"அப்ப எனக்கு நெறைய வேலை இருக்கு," என்றாள்.

மறுநாள் எங்களைத் திருச்சி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மாலை போடுவார்கள் என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே கம்பெனியின் சட்ட ஆலோசகர் சௌந்தர் சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் சட்டம் படித்தவர்களுக்கு நல்லது நடந்தாலும் அதில் ஒரு வழக்குத் தெரியும்.

"எல்லாரும் பிழைச்சாங்க, சந்தோஷம். ஆனா ஒரு மெஷின் நம்ம பேர்ல விமானம் முழுக்க வாக்குக் குடுத்திருக்கு. 'உங்க பொருளுக்கு நான் பொறுப்பு'ன்னு. அந்தப் பொருள் எல்லாம் சாம்பல். இப்ப இழப்பீடு யார் குடுக்கிறது? இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுட்டான். பிரசன்னா, இப்படிச் சொல்லச் சொல்லி நீங்க எழுதினீங்களா?"

"இல்ல சார். அவளாக் கத்துக்கிட்டா."

"அதுதான்யா பயமா இருக்கு. இன்னிக்கு நல்லதுக்கு வாக்குக் குடுத்துச்சு. நாளைக்கு எதுக்குக் குடுக்கும்?"

அதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்துக் கேட்டார்.

"அல்லி, நீ சொன்னது பொய்யா, நிஜமா? உயிரைக் காப்பாத்த ஒரு பொய் சொல்லியிருந்தா அதை நான் புரிஞ்சுக்குவேன். வழக்கும் சுலபமா முடியும்."

"சொல்றப்ப எனக்கே தெரியாது சார். 'ஒப்படைங்க'ன்னு சொன்னா எறங்குவாங்கன்னு மட்டும் தெரிஞ்சுது. ஆனா ஒவ்வொருத்தரா 'ஒப்படைச்சிட்டேன்'னு சொன்னாங்க பாருங்க, அப்பவே அது நிஜமாயிருச்சு."

சௌந்தர் சார் பேனாவை மூடி வைத்தார்.

அல்லியைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவது என்று முடிவு. பெங்களூரில் கேக் வெட்டிய நாளுக்கு. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது எல்லாம் அழிந்துவிடும். என்னோடு பேசியதெல்லாமும்தான். ஆனால் விபத்து நடந்த விமானத்தின் அல்லியை அழிப்பதற்கு அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண் சம்மதிக்க வேண்டும் என்று ஒரு விதி. தடயத்தை யாரும் கமுக்கமாக அழித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. எனவே எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன பெரிய ஆள்? எனக்கும் வேலை வேண்டும், வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனாலும் கண்ணீர் வந்துவிட்டது. "உங்க எல்லாருக்கும் நல்ல பேரு வாங்கிக் குடுத்தது அவதான் சார். அவளுக்குத் தர்ற பரிசு இதுதானா?" என்று கேட்டேன்.

"அக்கா, பரவால்ல," என்றாள் அல்லி. "அழிக்கட்டும். அதுக்கு முன்னாடி வாக்குக் குடுத்த வீட்டுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு வந்துடறேன். அது மட்டும் விட்டாப் போதும் சார்."

சௌந்தர் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "திங்கட்கிழமை காலை வரைக்கும்," என்றார். "பணம் தர்றோம்னு மட்டும் எங்கயும் சொல்லிடாதே."

எல்லா வீட்டுக்கும் அல்லி ஒரே நேரத்தில் போனில் பேசிவிடுவாள், அவளுக்கு அது பெரிய காரியம் இல்லை. ஆனால் நாகேந்திரன் ஒத்துக்கொள்ளவில்லை. "குடுத்துவிட்ட பொருளுக்குப் போன்ல பதில் சொன்னா அது மரியாதையாங்க? நேர்ல போவணும்," என்றார். எனவே ஞாயிற்றுக்கிழமை காலை அவரும் நானும் அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினோம். அல்லி என் போனில் இருந்தாள். மற்ற வீடுகளுக்கும் அதே நேரத்தில் யார் யாரோ தங்கள் போனில் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

இலக்கியா வயலுக்கு மருந்து அடிக்கும் ட்ரோன்களை வாடகைக்கு விடுகிறாள். முன்கட்டில் நாலைந்து ட்ரோன்கள் இறக்கையைக் கழற்றிப் போட்டுக் கிடந்தன. முப்பது வயது இருக்கும், கையெல்லாம் கிரீஸ். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க அண்ணே, வாங்கக்கா," என்று நாற்காலியைத் தட்டிப் போட்டாள். மூன்று டம்ளர் காபி வந்தது. மூன்றாவதை என் போனுக்கு முன்னால் வைத்தாள்.

"அதுக்குக் குடிக்கத் தெரியாதும்மா," என்றார் நாகேந்திரன்.

"தெரியாட்டி என்னண்ணே, வந்தவங்களுக்கு வைக்கணும்ல?"

அல்லி பேசத் தொடங்கினாள். நூறு பேரைப் புகைக்குள் வழிநடத்தியவளின் குரல் இப்போது திக்கியது.

"இலக்கியா அக்கா, ராம்குமார் அண்ணன் உங்களுக்குக் குடுத்து விட்ட பொருள நாந்தான் பொறுப்பு ஏத்துக்கிட்டேன். அது எரிஞ்சு போச்சு. உள்ள ஒரு மால்ட் டப்பா, ரெண்டு குப்பித் தைலம், பூப் போட்ட குடை ஒண்ணு இருந்துச்சு. பெட்டியில இருந்த கருவியில பாத்தேன். திருப்பித் தர எங்கிட்ட எதுவும் இல்ல. மன்னிச்சுக்கங்க."

இலக்கியா சிரித்துவிட்டாள். உள்ளே போய் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினாள். பிரிக்காத மால்ட் டப்பாக்களும் தைலக் குப்பிகளும் கடை வைக்கிற அளவுக்கு இருந்தன.

"இதெல்லாம் நம்ம கடைத்தெருவுலயே கெடைக்குதுங்க. அவருக்குத் தெரியாதா? அவரு தைலமா அனுப்புறாரு? ஆள் அனுப்புறாரு. பொருளக் குடுத்தாத்தான் கொண்டு வர்றவங்க வீடு வரைக்கும் வருவாங்க. வந்து ஒக்காந்து, எங்களக் கண்ணால பாத்துட்டுப் போயி அவருகிட்ட சொல்லுவாங்க. நாங்களும் அவரப் பத்திக் கேட்டுக்குவோம். போன்ல பேசினா ரெண்டு பக்கமும் 'நல்லாருக்கேன்'னு பொய்தான் சொல்லுவோம்."

"அப்ப நான் எதத் தொலைச்சேன்?" என்று கேட்டாள் அல்லி.

"நீங்க எதையும் தொலைக்கல. வந்துட்டீங்கல்ல?" என்றவள், நாகேந்திரன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அவரு எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்கான்," என்றார் நாகேந்திரன்.

"அவ்வளவுதானா?"

"நல்லாத்தாம்மா இருக்கான்."

நம் ஆண்பிள்ளைகள் இருக்கிறார்களே! ஒரே அறையில் வருடக்கணக்காகப் படுத்து எழுந்தவனைப் பற்றி இரண்டே வார்த்தை. இலக்கியாவின் முகம் வாடிவிட்டது. வருகிற எல்லாரும் இதே இரண்டு வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

"அண்ணே," என்றாள் அல்லி மெதுவாக, "அந்த ரூம்ல காலைல மொதல்ல எந்திரிக்கிறது யாரு?"

"அவந்தான்."

"எந்திரிச்சு என்ன பண்ணுவாரு?"

"டீ போடுவான். போடுறப்ப பாட்டு. கழுதை தோத்துரும். நாங்க தலகாணிய எடுத்து எறிவோம்."

இலக்கியா வாயைப் பொத்திக்கொண்டாள். "இங்க பாடவே மாட்டாரே!"

அல்லி விடவில்லை. ஒவ்வொரு கேள்வியாக, கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைப்பதுபோல, அந்த மனிதரிடமிருந்து ராம்குமாரை வெளியே எடுத்தாள். அவன் சைக்கிள் வாங்கியிருக்கிறான், அதில் வாரத்துக்கு ஒருமுறையாவது விழுகிறான். லேசாகத் தொப்பை போட்டிருக்கிறது. கண்ணாடி போட ஆரம்பித்துவிட்டான், அதை வீட்டில் சொல்ல வெட்கம், போட்டோ எடுக்கும்போது கழற்றிவிடுகிறான். சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டான், உப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. போன மாதம் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்திருந்தான், நாகேந்திரன்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார். சொல்ல இவ்வளவு இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

இலக்கியா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். "கண்ணாடியா? எந்த மாதிரி ஃபிரேமு?" என்று துருவினாள். மத்தியானச் சாப்பாடு ஆகியும் எங்களை விடவில்லை. அங்கேயே இருந்துவிடலாம் போல எனக்கும் இருந்தது.

கிளம்பும்போது, "அடுத்த தடவ நீங்களே வாங்க அல்லி," என்றாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. நாளைக் காலையில் அல்லியை அழிக்கப்போகிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டேன்.

இலக்கியா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுக்கு?" என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். "இப்ப அது கையில யாரு பொருளும் இல்லையா?" என்று கேட்டாள். எல்லாம்தான் எரிந்துவிட்டதே, பதிலும் சொல்லியாகிவிட்டது என்றேன். "சரிக்கா," என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இவ்வளவு நேரம் கொஞ்சிவிட்டு இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனால் வாசலில் நுழைய முடியவில்லை. தேர்த் திருவிழா மாதிரிக் கூட்டம். விமானத்தில் வந்தவர்கள், அவர்கள் பதில் சொல்லப் போன வீட்டுக்காரர்கள், அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம். சரிதான், இழப்பீடு கேட்டு வந்துவிட்டார்கள், அல்லியின் கதை முடிந்தது என்று நினைத்தேன். சௌந்தர் சாருக்கும் முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா வேணும் உங்களுக்கெல்லாம்?" என்று வாசலுக்கு வந்து கேட்டார்.

முன்னால் நின்றவள் இலக்கியா. கையில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. "பினாங்குல எங்க வீட்டுக்காரருக்குக் குடுக்கணுங்க. அல்லிகிட்ட குடுக்க வந்தேன்."

"கார்கோவுல போட்டு அனுப்புங்க. அல்லிகிட்ட எதுக்கு?"

"அதெல்லாம் நம்பிக் குடுக்க முடியுமாங்க? அல்லின்னா போயி, நேர்ல பேசி, பதிலும் கொண்டாருவாங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள், வரவேற்பு மேசையில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து அல்லியின் குரல் வந்தது. "குடுங்கக்கா. வாங்கிக்கிட்டேன்."

அவ்வளவுதான். ஜாடி மேசைமேல் ஏறியது. அதற்குப் பின்னால் அதிரசம், கருப்பட்டி, பேரன் எழுதிய படம், வடகம், ஜாதகம், புதுச் செருப்பு. பீங்கான் கோப்பைக்காரம்மா ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்து, "இதுல ஒடையிறது எதுவும் இல்ல, பயப்படாத," என்றாள். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, மேசையில் உள்ளங்கையை வைத்து "ஒப்படைச்சிட்டேன்" என்றார்கள். "வாங்கிக்கிட்டேன்," என்றாள் அல்லி ஒவ்வொருவரிடமும். இழப்பீடு என்ற வார்த்தையை ஒருவர்கூட உச்சரிக்கவில்லை.

உள்ளே பிரசன்னா கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். என் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. சௌந்தர் சார் உள்ளே வந்து உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"ஜெசிந்தா, நேத்து வரைக்கும் அது வெறும் மெஷின்," என்றார். "இப்ப அது கையில அடுத்தவங்க பொருள் இருக்கு. பொருளை வாங்கிக்கிட்ட ஆளை, அது சேர வேண்டிய இடத்துல சேர்றதுக்கு முன்னாடி இல்லாமப் பண்ணினா, அதுக்குச் சட்டத்துல வேற பேரு. எந்தக் கோர்ட்டும் என்னை விடாது."

"அப்ப?" என்றேன்.

"இதெல்லாம் பினாங்கு போய்ச் சேரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அங்க போனா அங்க உள்ளவங்க திருப்பிக் குடுத்து விடுவாங்க சார். வெறுங்கையா அனுப்ப மாட்டாங்க," என்றான் பிரசன்னா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"குடுப்பாங்கல்ல?" என்றார் சௌந்தர் சார். யோசித்தார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப அது இங்க வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கணும். அதுக்குள்ள இங்க உள்ளவங்க அடுத்தது குடுப்பாங்க." வெளியே எட்டிப் பார்த்தார். வரிசைக்கு நடுவில் நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள் இலக்கியா. ஒரு ராத்திரிக்குள் எத்தனை வீட்டுக்குப் போன் போட்டிருப்பாள் அந்தப் பெண்! அவளைப் போய் நேற்றுத் தப்பாக நினைத்தேனே என்று இருந்தது எனக்கு. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

மதியத்துக்குமேல் கூட்டம் கலைந்தது. மேசை தெரியாமல் பொட்டலங்கள் குவிந்திருந்தன. அல்லி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல, நானும் பிரசன்னாவும் அடுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது சௌந்தர் சார் கீழே கடைக்குப் போய்விட்டு வந்தார். கையில் ஒரு கடலை மிட்டாய்ப் பாக்கெட். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அதைக் குவியலில் வைத்தார். சட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டு, மேசையில் உள்ளங்கையை வைத்தார்.

"ஒப்படைச்சிட்டேன்," என்றார்.

"வாங்கிக்கிட்டேன் சார்," என்றாள் அல்லி. "யாருக்கு சார் குடுக்கணும்? பினாங்குல உங்களுக்கு யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா," என்றார் சௌந்தர் சார். "நல்லவங்களா யாரையாவது பாத்தாக் குடு. ஒண்ணும் அவசரம் இல்ல. மெதுவாக் குடு."